அறுபது மைக்ரோலிட்டர்

பிறை தொழிற்பேட்டை, ராத்திரி பதினொன்றரை.
வெளியே காற்றைப் பிழிந்தால் ஒரு குவளை நிறையும்.
உள்ளே நான்
ஈரத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

ஹெக்ஸேன் நிரம்பிய குடுவை.
அடியில் ரவை அளவு வெள்ளை மணிகள்,
மணிதோறும் ஒட்டிய லிபேஸ் நொதி.
ஒரு பக்கம் பியூட்டிரிக் அமிலம், கெட்ட வெண்ணெய் வாடை.
மறு பக்கம் ஆல்கஹால், தொண்டையை அறுக்கும் நெடி.
இரண்டையும் நொதி கைசேர்த்து வைத்தால்
வாழையும் பேரிக்காயும் கலந்த ஒரு மணம்.
ஐஸ் கச்சாங் சிரப்புக்குப் போகிறது,
பிள்ளைகளின் இருமல் மருந்துக்கும்.

சேரும் ஒவ்வொரு ஜோடியும்
ஒரு நீர் மூலக்கூறை உதறிவிட்டுச் சேர்கிறது.
உதறியது எங்கும் போய்விடுவதில்லை.
கூடிக் கூடி மணிகளை நனைத்து
கட்டி கட்டியாய் ஒட்டவைத்து
ஒரு கட்டத்தில் திரும்பி வந்து ஜோடியைப் பிரிக்கிறது.
பிரித்துவைப்பதும் அதே நொதிதான்,
சேர்த்துவைத்த அதே கை.
போன மாதம் மூன்றாம் தொகுதி
பழமாகி, மறுபடி வெண்ணெயாகி நாறியது அப்படித்தான்.

தலைமையகத்திலிருந்து ஒரே வரி வந்தது:
தண்ணீர்தான் எதிரி. இன்னும் உலர்த்துங்கள்.

உலர்த்தினோம்.
தியோ பெங் ஹுவாட் மூலக்கூறு சல்லடைகளை
முந்நூறு டிகிரியில் வறுத்தெடுத்தான்.
நைட்ரஜன் ஊதினோம்.
என் மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு
மூடியைத் திறந்தேன்.
ஈரமானி ஒன்பது என்றது. தியோ கைதட்டினான்.

பன்னிரண்டு. ஒன்று. ஒன்றரை.
பழ வாசனை வரவில்லை.
வெண்ணெய் வாடை போகவும் இல்லை.
கலக்கி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நொதி சாகவில்லை, அதுதான் தொல்லை.
கஞ்சி போட்டுக் காய்ந்த வேட்டியாய்
விறைத்து நிற்கிறது.
அமிலத்தை வாங்க முழங்கை மடங்க வேண்டும்,
ஆல்கஹாலுக்குச் சற்று ஒதுங்க வேண்டும்.
அந்த அசைவுக்கு உடம்பில் அங்கங்கே
கொஞ்சம் நீர் ஒட்டியிருந்தால் போதும்.
இந்தக் குடுவைக்குள்
தண்ணீர்தான் கீலுக்கு விடும் எண்ணெய்.

காயும் முன் கடைசியாக நனைந்த கரைசலின்
அமில காரக் கணக்கு ஏழரை என்றால்
காய்ந்த பிறகும் அந்த ஏழரையை மறக்காதாம் நொதி.
எனக்கும் ஓர் ஏழரை உண்டு.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

கைபேசி அதிர்ந்தது. செல்வரத்தினம்:
'நாளை காலையிலிருந்து ஃபிளாட்டில் தண்ணீர் வெட்டு.
ஆறு வாளி பிடித்துவிட்டேன். போதுமா?'
போதுமா என்ற கேள்விக்கு
இன்றிரவு பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு, சரி.
எட்டாமல் போனால் என்ன என்று
யாரும் பழமொழி எழுதிவைக்கவில்லை.

சல்லடைகளை வடித்தெடுத்தேன்,
இல்லையென்றால் நான் ஊற்றுவதையும் அவையே குடித்துவிடும்.
பிப்பெட்டில் அறுபது மைக்ரோலிட்டர் வைத்தேன்.
ஒரு சொட்டு, அதற்கு மேல் ஒரு பிசுக்கு.
தியோ கேமராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
'பாஸ் கேட்டால்?'
'குடுவையைக் கேட்கச் சொல்.'

இரண்டே முக்காலுக்கு
மூடியோரம் ஏதோ கசிந்தது.
பழுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்
பீசாங் மாஸ் சீப்பு ஒன்று
அடுத்த அறையில் இருப்பதுபோல.
தியோவுக்கு ஜலதோஷம், அவனுக்குத் தெரியவில்லை.
எனக்கே நிச்சயமில்லை. மாதிரி எடுத்து வைத்தேன்.

பதிவேட்டில் 'அகற்றிய நீர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
சேர்த்த நீருக்குக் கட்டமே இல்லை.
ஓரத்தில் கோடு போட்டு
அறுபது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

உள்ளங்கை வியர்த்திருந்தது.
சுழியில் மை சற்றே பரவியது.
அதையும் கணக்கில் சேர்க்கணுமோ என்னவோ.